அடிவயிறு கறுத்த வண்டி

உப்பு வெளி ஓரத்தில் இருக்கிற எங்கள் கொல்சானியில் யூக்ரா குடும்பத்தார் எல்லாரும் உப்பு வாரிப் பிழைத்தவர்கள். செனோபியோ யூக்ராவின் தகப்பன் வாரினான், தகப்பனுடைய அண்ணன் தம்பிகள் வாரினார்கள். அம்மா வழியில் லூத்தினோ வீட்டு மாமன்மார் மட்டும் லாமா மந்தை மேல் உப்புக் கட்டியை ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்குப் பக்கம் போய், மக்காச்சோளத்துக்கு மாற்றிக்கொண்டு வருவார்கள். அந்த மாமன்களைப் பார்த்துத்தான் செனோபியோவுக்குச் சின்ன வயதிலேயே ஊர் சுற்றும் ஆசை பிடித்தது என்று அவன் அம்மா சொல்லுவாள். உப்பு வெளியில் குனிந்து நிற்கிறவனுக்குக் காலும் கண்ணும்தான் முதலில் போகும். உப்புத் தண்ணீரில் பாதம் வெடிக்கும், வெள்ளை வெயிலில் கண் வெந்து போகும். மாமன்மாருக்குக் கடைசி வரைக்கும் கண் நன்றாக இருந்தது.

பட்டாளத்தில் சேவகம் பண்ணியபோது லாரி ஓட்டப் பழகிக்கொண்டு வந்தான். வந்ததும் ஊயுனி டவுனில் ஒரு சுற்றுலாக்காரரிடம் டிரைவராகச் சேர்ந்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஃபோர் வீல் வண்டியில் ஏற்றி, உப்பு வெளியைத் தாண்டி, தெற்கே ஏரிகளும் எரிமலைகளும் இருக்கிற பக்கமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது வேலை. வண்டி முதலாளியுடையது. கூட வருகிற சமையல்காரியும் முதலாளியுடைய அக்காள் மகள். செனோபியோவின் பெண்டாட்டி எலாதியா முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உப்பு வெளியில் மண்வெட்டியோடு நிற்பாள். எத்தனையோ தடவை அவன் அவளைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஹாரன் அடிப்பான். அவள் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவுதான் அவர்கள் சேர்ந்து போன பயணம்.

"ஒரு நாளாச்சும் என்னை ஏத்திக்கிட்டுப் போயேன்யா. உங்க முதலாளி மருமக வைக்கிற சூப்பைக் குடிக்கவா அந்தப் பிள்ளைங்க இவ்வளவு தூரம் வருது?" என்பாள் எலாதியா.

"நமக்குன்னு ஒரு வண்டி வரட்டும். நடு சீட்டு உனக்குத்தான்."

"வரட்டும், வரட்டும். என் பல்லு இருக்கிறப்பவே வரட்டும்."

அவர்களுக்கு ஒரே ஒரு பெண் பிறந்தது. நீவெஸ் என்று பெயர். அந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் நிக்கானோர் முரான்யா. அவரும் டிரைவர்தான், செனோபியோவை விட மூத்தவர். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிறவர் பெற்றவனுக்குக் கொம்பாத்ரே ஆகிறார். உடன்பிறந்தவனோடு சண்டை போட்டாலும் போடலாம், கொம்பாத்ரேயோடு குரல் உயர்த்தக் கூடாது. ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தவர் நிக்கானோர். நீவெஸ் பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் ஒரு பனிக்காலத்தில் நெஞ்சுச் சளி வந்து போய்விட்டாள். வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் நடந்தவரும் நிக்கானோர்தான். அதன் பிறகு செனோபியோவைக் கொம்பாத்ரே என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரு வாய்தான் மிச்சம்.

பல வருஷம் கழித்து முதலாளி கடையை மூடினார். மற்ற கடைக்காரர்கள், சொந்த வண்டி வைத்திருக்கிற டிரைவர் என்றால் வா, இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்கள். வண்டி இருந்தால் புருஷன் டிரைவர், பெண்டாட்டி சமையல்காரி, இரண்டு பேருக்கும் வேலை. இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் மண்வெட்டி. அவன் வயதில் உப்புக்குத் திரும்பினால் எத்தனை வருஷம் கண் தாங்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில்தான் நிக்கானோர், கண் மங்கிவிட்டது, வண்டியைக் கொடுத்துவிடப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். எலாதியா தன் பங்குக்கு வந்த லாமாக்களை விற்றாள்.

நிக்கானோர் முற்றத்தில் நாவல்பழ நிறத்தில் வண்டி நின்றது. செனோபியோ அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"என்ன கொம்பாத்ரே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி சுத்துறே? பல்லைப் பிடிச்சுப் பாக்கணுமா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு."

"குனிஞ்சு அடியில பாரு. ஊருல இருக்கிற வண்டியெல்லாம் கொண்டாந்து வரிசையா நிறுத்து. இவ்வளவு கறுத்த வயிறு எதுக்கு இருக்கு, சொல்லு."

எங்கள் பக்கத்தில் வண்டி உப்பிலிருந்து திரும்பியதும் அடியைத் தண்ணீரால் அடித்துக் கழுவி, எஞ்சினில் இருந்து வடித்த கழிவு எண்ணெயில் டீசலைக் கலந்து அடிவயிறு முழுக்கப் பீச்சுவோம். உப்பு இரும்பைத் தின்னாமல் இருக்க அதுதான் மருந்து. ஆகையால் வயிறு கறுத்த வண்டி, ஆள் பார்த்துப் பார்த்து வளர்த்த வண்டி என்று பேர். செனோபியோ முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தான். பளபளவென்று கறுப்பாக இருந்தது. நிமிர்ந்துவிட்டான். முன்பின் தெரியாதவன் விற்கிற வண்டி என்றால் அடியில் மல்லாந்து படுத்து ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்திருப்பான். கொம்பாத்ரே விற்கிற வண்டிக்கு அடியில் படுப்பது, அவர் வீட்டில் வைத்த சூப்பை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிப்பது மாதிரி.

வண்டிக்கும் எங்களுக்கு ஞானத்தகப்பன் உண்டு. தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் செவ்வாய்க்கிழமை வண்டிக்குக் காகித மாலை போட்டு, பியர் ஊற்றி, மண்ணுக்கும் ஊற்றி வாழ்த்துவதற்கு ஒரு பெரிய மனுஷர் வேண்டும். நிக்கானோரே இந்த வண்டிக்கும் ஞானத்தகப்பன் ஆனார். "பொண்ணையும் நானே குடுத்து, பூசாரியும் நானே ஆயிட்டேன் பாரு" என்று சிரித்தார்.

முதல் ஓட்டம் உப்பு வெளியில்தான். எலாதியா தன் பெரிய அலுமினியப் பானையை மூடியோடு மடியில் வைத்துக்கொண்டு நடு சீட்டில் உட்கார்ந்தாள். அடுப்பு வைக்க இடம் பார்க்கிறேன் என்று சாக்கு. உண்மையில், அந்த சீட்டில் பானையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு வாய் நிறையச் சிரிப்பு. உப்பு வெளியில் மேடு பள்ளம் கிடையாது. மேஜை மேல் பிளேட்டைத் தள்ளுகிற மாதிரி வண்டி போகும். செனோபியோ வேகத்தைக் கூட்டினான். ஓர் இடத்தில் மூடி மெல்ல டிரிரிரி என்றது.

"யோவ், மூடி பேசுது."

"கையை மேல வை."

"வெச்சா கையும் பேசுது."

காலை எடுத்தான். மூடி அடங்கியது. மறுபடி மிதித்தான். அதே வேகத்தில் மறுபடி பேசியது. ரோட்டில் இப்படி வந்திருந்தால் ரோட்டைத் திட்டியிருப்பான். இங்கே திட்டுவதற்கு ரோடு இல்லை.

ஊயுனியில் ரயில் கொட்டகைக்குப் பின்னால் இலாரியோன் மேஸ்திரியின் பட்டறை. வாயில் ஒரு பக்கம் எப்போதும் கோக்கா இலை அடக்கி வைத்திருப்பார். கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார்.

"நிறுத்தி வெச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஆடுதா?"

"இல்ல மேஸ்திரி. ஓடும்போதுதான்."

"அந்த வேகம் வந்ததும் கிளட்சை மிதிச்சு நியூட்ரல்ல விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். எஞ்சின் சத்தம் அடங்குது. ஆட்டம் அடங்கல."

"அப்ப எஞ்சின் மேல பழி போடாதே. சக்கரத்தோட சேந்து சுத்துற எதுவோ ஒண்ணு. வீலு, ஷாஃப்டு, கிராஸு. ஒவ்வொண்ணா வருவோம்."

"மூடியைக் கேளுங்க மேஸ்திரி, சரியாச் சொல்லும்" என்றாள் எலாதியா.

"உன் மூடிக்கும் நான் சம்பளம் குடுக்கணும் போலிருக்கே."

முதலில் முன் வீல்களைப் பின்னாலும் பின் வீல்களை முன்னாலும் மாற்றினார். வீலில் கோளாறு என்றால் ஆட்டமும் இடம் மாறும், ஸ்டியரிங்கில் இருப்பது சீட்டுக்கு வரும். மாறவில்லை. பிறகு கியர் பாக்ஸில் இருந்து சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகிற பின் ஷாஃப்டைக் கழற்றி, அதன் முனை மூட்டான கிராஸைக் கையால் மடக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் இறுகிக் கிடந்தது. திறந்தால், உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய பேரிங் சிவப்புத் தூளாகக் கொட்டியது.

"ஆளு பிடிபட்டான்" என்றார் மேஸ்திரி.

புது கிராஸ் போட்டு, இரண்டு முனைக் கவையும் ஒரே நேராக வருகிற மாதிரி அடையாளக் கோடு பார்த்துப் பூட்டினார். உப்பு வெளியில் ஓட்டிப் பார்த்தார்கள். மூடி பாதிக்குப் பாதி அடங்கியிருந்தது. பாதி என்பதை மூன்று பேரும் முழுசு என்று எடுத்துக்கொண்டார்கள். எலாதியா அன்றைக்கு உலர்ந்த லாமாக் கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சமைத்து மேஸ்திரிக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "வெள்ளைக்காரப் பிள்ளைங்க இதைச் சாப்பிட்டா ஊருக்கே திரும்ப மாட்டாங்க" என்று மேஸ்திரி சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவள் ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தாள்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் தெற்கு ரோட்டைப் பார்த்து வரலாம் என்று வெறும் வண்டியோடு போனார்கள். ஒரு இறக்கத்தில் மூன்றாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தபோது, லீவர் செனோபியோவின் கையைத் தட்டிவிட்டுத் தானே நியூட்ரலுக்கு வந்தது. வண்டி கட்டறுந்த மாடு போல இறங்கியது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தினான். மூடி கீழே விழுந்து உருண்டு, எங்கேயோ இடுக்கில் போய் அடங்கியது.

"தானா வந்துச்சா?" என்றாள் எலாதியா.

"தானா வந்துச்சு."

திரும்பும் வழி முழுக்க அவன் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தான்.

மறுபடி பட்டறையில் மேஸ்திரி முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபோர் வீலைப் பூட்டி, பின் ஷாஃப்டில் மட்டும் ஓட்டினார். ஆடியது. பின்னதைக் கழற்றி முன்னதை மாட்டி, அதில் மட்டும் ஓட்டினார். அப்போதும் அதே வேகத்தில் அதே ஆட்டம். இறங்கி வந்து கோக்காவைத் துப்பினார்.

"முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பொட்டிதான். கியர் பாக்ஸை இறக்கிப் பாத்துடலாம்."

"பல்லு போயிருக்குமா?"

"போயிருந்தா நல்லது. பல்லு மாத்திக்கலாம். பழைய இரும்புக் கடையில தேடினாக் கிடைக்கும்."

அன்றைக்கு எலாதியா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, கியர் பாக்ஸில் பல் உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாராவது இப்படி வேண்டுவார்களா? அவள் வேண்டினாள்.

காலையில் மேஸ்திரி அடியில் படுத்து, கியர் பாக்ஸுக்கு ஜாக்கி கொடுத்தார். கியர் பாக்ஸ் ஒரு ரப்பர் கட்டை மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டை ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல். சட்டம் இரண்டு பக்கமும் சேசிஸில் போல்ட் போட்டுப் பிடித்திருக்கும். ரப்பர் கட்டை எண்ணெயில் ஊறி, சூப்பில் போட்ட ரொட்டி மாதிரி பொதபொதவென்று இருந்தது. மேஸ்திரி ஒரு விசில் அடித்தார். செனோபியோவின் முகம் மலர்ந்தது. ரப்பர்தானே, மாற்றிவிடலாம். அடுத்து மேஸ்திரி போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். போல்ட் கழலவில்லை. போல்ட்டும் அதைப் பிடித்திருந்த இரும்பும் சேர்ந்து கையோடு வந்தன.

மேஸ்திரி அடியில் இருந்தபடியே கூப்பிட்டார்.

"செனோபியோ. இங்க வந்து படு."

தன் வண்டிக்கு அடியில் செனோபியோ படுத்தது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேசிஸைத் தட்டினார். இரும்புச் சத்தம் வரவில்லை, அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம் வந்தது. முனையால் கீறினார். கறுப்பு, புண்ணின் பொருக்கு மாதிரி பாளம் பாளமாக உரிந்தது. அடியில் சிவப்புத் துரு, அதற்கும் அடியில் வெள்ளையாக உப்பு. மேலே எண்ணெய் பூசப் பூச, உள்ளே போன உப்பு வெளியே வர வழியில்லாமல் பத்திரமாக இருந்து தின்றிருக்கிறது. மேஸ்திரி லேசாகத்தான் அழுத்தினார். ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போனது.

"கியர் பாக்ஸ்ல ஒண்ணும் இல்லப்பா. அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற கை செத்துப்போச்சு. பொட்டி தொங்குது, ஷாஃப்டோட கோணம் மாறிப்போச்சு. ஆட்டமும் அதான், கியர் எகிறினதும் அதான்."

"வெல்டிங் வெச்சுட்டா?"

"எதுல வெக்கிறது? வெல்டிங் பிடிக்க இரும்பு வேணும்ல? இது பிஸ்கட்டு."

"வேற சேசிஸ்?"

"நம்பர் இருக்கிறது சேசிஸ்லதானே. அதை மாத்திட்டா அது வேற வண்டி. இந்த வண்டிக்குப் பேப்பரே இல்லாமப் போயிடும்."

"மெதுவா ஓட்டினா?"

"இங்கருந்து வீட்டுக்கு மெதுவா ஓட்டிக்கிட்டுப் போ. ஆளை ஏத்திக்கிட்டு ஏரிப் பக்கம் போனேன்னு வையி, சட்டம் ஒடிஞ்சு ஷாஃப்டு தரையில குத்தும். வண்டி குட்டிக்கரணம் போடும்."

இரண்டு பேரும் அப்படியே மல்லாந்து கிடந்தார்கள். கறுப்புத் துணுக்கு ஒன்று செனோபியோவின் கன்னத்தில் விழுந்தது.

"இன்னொரு வழி இருக்கு. சொல்றதுக்கு எனக்கே வாய் வரல" என்றார் மேஸ்திரி. "நாலு டப்பா எண்ணெயைப் பீச்சி வித்துடு. கறுப்பைப் பாத்துத்தானே எல்லாரும் வாங்குறான்."

"யாருக்கு விக்க? இந்தச் சீமையில எனக்கு ஒட்டு உறவில்லாதவன் யாரு இருக்கான், சொல்லுங்க பாப்போம்."

மேஸ்திரி யோசித்துப் பார்த்தார். அவருக்கே செனோபியோ, பெண்டாட்டி வழியில் ஒன்றுவிட்ட மைத்துனன்.

வண்டியை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நேராக நிக்கானோர் வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டே போனான். நிக்கானோர். வெறும் நிக்கானோர். இனிமேல் கொம்பாத்ரே கிடையாது. உன் கறுப்பு வயிற்றைப் பார்த்து ஏமாந்தேன் நிக்கானோர், என் பெண்டாட்டி லாமாவைத் தின்றுவிட்டாயே நிக்கானோர். வாய்க்குள் வார்த்தை நன்றாகத்தான் வந்தது.

கிழவர் முற்றத்தில் உட்கார்ந்து, பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கைத் தடவித் தடவிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். கால் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். கண் இரண்டும் உப்புக் கல் மாதிரி வெளுத்திருந்தன. வண்டி விற்ற காசில் டவுனுக்குப் போய்க் கண்ணைக் கீறிக்கொண்டு வந்திருந்தார். பார்வை வரவில்லை.

"யாரு?"

செனோபியோ நின்றான்.

"நான்தான், கொம்பாத்ரே."

"வா வா, உக்காரு. வண்டி எப்படி ஓடுது?"

சொன்னான். ஒன்றும் விடாமல் சொன்னான். கிழவரின் விரல் கிழங்கின் மேலேயே நின்றுவிட்டது.

"உங்க கையில இருந்தப்ப ஆடலையா?"

"ஆடிச்சு. வண்டிக்கும் வயசு, கைக்கும் வயசு. எது ஆடுதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

"அடியில ஒரு தடவையாவது படுத்துப் பாத்தீங்களா?"

"எனக்கு வித்தவரு யாரு? என் தங்கச்சி புருஷன். அவரு வண்டிக்கு அடியில போய் நான் படுப்பேனா? வாங்கின நாள்ல இருந்து எண்ணெய் பீச்சினேன் கொம்பாத்ரே. ஒரு நாள் விடல. பனியில கூட விடல." கிழங்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "அதுவே தப்பாயிடுச்சா?"

செனோபியோ பக்கத்தில் குனிந்து, அவரோடு சேர்ந்து சொத்தைக் கிழங்கைப் பொறுக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர் கேட்டார், "நீவெஸ் இருந்தா இப்ப கல்யாண வயசு இல்ல?"

"ஆமா."

அடுத்த கார்னிவல் செவ்வாய்க்கிழமை நிக்கானோர் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் காகித மாலையும் பியரும். ஞானத்தகப்பன் வராமல் இருக்க முடியாதல்லவா? வண்டி வாசலில் உப்புக் கட்டிகள் மேல் ஏறி நின்றது. வீல் நான்கும் மைத்துனன் ஒருவனுடைய வண்டிக்குப் போய்விட்டன. மாலையைக் கண்ணாடியில் கட்டினார்கள். பானெட்டைக் கையால் தேடிக் கண்டுபிடித்து, நிக்கானோர் பியரை ஊற்றினார்.

"நல்லா ஓடணும், நல்லபடியாத் திரும்பி வரணும்" என்றார், எப்போதும் சொல்கிற மாதிரி.

"ஆமா கொம்பாத்ரே" என்றான் செனோபியோ. பியர் எஞ்சின் இடுக்குகளில் இறங்கி, துரு ஓட்டை வழியாகக் கறுப்பாகத் தரையில் சொட்டியது. ரோட்டில் மற்ற வண்டிகள் மாலை போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு உப்பு வெளிப் பக்கம் போயின. செனோபியோ நிமிர்ந்து பார்க்கவில்லை. எலாதியா பார்த்தாள்.

இப்போது இரண்டு பேரும் உப்பு வாருகிறார்கள். முகத்தில் ஒரே துணியைக் கிழித்து ஆளுக்குப் பாதியாகச் சுற்றிக்கொள்கிறார்கள். வீட்டில் அடுப்பில் பானை கொதித்து மூடி டிரிரிரி என்று ஆடினால், உட்கார்ந்திருக்கிற செனோபியோவின் வலது கால் தானாகத் தரையை விட்டு எழும்பும். ஆக்ஸிலேட்டரில் இருந்து எடுக்கிற மாதிரி. அவனுக்கு அது தெரியாது. எலாதியா ஒரு தடவை பார்த்துவிட்டாள். அதிலிருந்து அவள் மூடி போடாமல் சமைக்கிறாள். எங்கள் மலை உயரத்தில் மூடி இல்லாத பானையில் கிழங்கு வேக அரை நாள் ஆகும். ஏன் இவ்வளவு நேரம் என்று அவன் கேட்பான்.

"விறகு ஈரம்யா" என்பாள்.